என் மனைவியின் குடல்வாலும் பன்னிரண்டாம் பிரிவும்

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் பன்னிரண்டாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: தன்னைப் பற்றிய தகவல் குறித்து ஒருவர் கோரிக்கை அனுப்பினால், அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்பதை அவருக்கு அறிவிக்க வேண்டும். விடயம் சிக்கலானது என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதையும் முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். பதினாறாம் பிரிவு இன்னும் சுருக்கமானது. பிழையான தகவலைத் தாமதமின்றித் திருத்து என்கிறது. இரண்டையும் பிரெஞ்சில், ஒரு காற்புள்ளி பிசகாமல் என்னால் ஒப்புவிக்க முடியும். ஒப்புவித்தும் இருக்கிறேன், தொலைபேசியில், மூன்று வெவ்வேறு பெண்களிடம். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இணையத்தளத்துக்குப் போகும்படி சொன்னார்கள்.

என் மனைவிக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. நாங்கள் இருப்பது பாரிசில், லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. எழுபத்தெட்டுப் படிகள். 2022 கோடையில் அவள் கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கிழமைக்கு ஒருமுறை மரக்கறி வாங்க இறங்கினாள். செப்டெம்பரில் அதுவும் நின்றது. மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்கு ஒக்டோபர் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். அது நடந்தால் அவள் மறுபடி தெருவுக்கு இறங்குவாள், நடக்காவிட்டால் யன்னலோடுதான் இருப்பாள். விடயம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நிர்வாகம்.

நிர்வாகம் எனக்குப் புதிதல்ல. ஓய்வு பெறும்வரை இருபத்தாறு ஆண்டுகள் ஒரு துணைக் காப்பீட்டு நிறுவனத்தில், மருத்துவ மின்-பரிமாற்றப் பிரிவில் இருந்தேன். மருந்துக்கடைக்காரர் உங்கள் பச்சை நிறக் காப்புறுதி அட்டையை, நாங்கள் 'காட்' என்பதை, பெட்டியில் செருகுகிறார் அல்லவா? அதிலிருந்து புறப்படும் செய்தி அரச காப்புறுதிக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வரும். எங்காவது ஓர் எண் பொருந்தாவிட்டால் சிவப்புக் கோட்டோடு என் திரையில் வந்து விழும். நான் அந்தச் சிவப்புக் கோடுகளின் மனிதன். வந்த காகிதம் எதுவானாலும் அதன் வலது மூலையில் கிடைத்த தேதியைப் பென்சிலால் எழுதிவிடுவது அங்கே பிடித்த பழக்கம். வீட்டில் மின்சாரக் கட்டணத்துக்கும் எழுதுகிறேன். பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் எழுதியிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள். ஒருமுறைதான்.

சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"பெனிசிலினுக்கு உங்களுக்குக் கடுமையான ஒவ்வாமை இருக்கிறது, மதாம்."

"இல்லை," என்றேன் நான். "அமொக்சிசிலினை இவள் பெப்பர்மின்ட் மாதிரி விழுங்கியிருக்கிறாள்."

"2009இல் மூச்சுத் திணறியிருக்கிறது. குடல்வாலை நீக்கிய மறுநாள்."

"இவளுக்குக் குடல்வாலை யாரும் நீக்கவில்லை."

மருத்துவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரத்த வகை ஓ பொசிட்டிவ் என்று கோப்பில் இருக்கிறது," என்றார் மருத்துவர். "போன கிழமை எடுத்த பரிசோதனையில் பி பொசிட்டிவ். குடல்வால் விடயத்தில் உங்கள் ஞாபகம் பிழைக்கலாம், மிஸ்யூ. இரத்தம் மாறாது."

வயிற்றை ஸ்கான் செய்தார்கள். 2009இல் நீக்கப்பட்ட குடல்வால் இருந்த இடத்திலேயே, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. வயிற்றில் தழும்பும் இல்லை. எந்த மடையனுக்கும் இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனைக்குத் தேவைப்பட்டது சாட்சியல்ல, பொருத்தம். இரத்த வகை இரண்டாக இருக்கும்வரை இரத்த வங்கி ஒரு பையும் தராது, ஆளடையாளம் தெளிவாகும்வரை நாள் தள்ளிவைக்கப்படுகிறது என்றார்கள். எதுவரை? கோப்பு திருத்தப்படும்வரை. யார் திருத்துவார்? அதை எழுதியவர்.

2022 ஒக்டோபர் 3ஆம் தேதி, மனைவியின் பெயரில், அவள் கையெழுத்தோடு, 2009இல் அதை எழுதிய மருத்துவமனைக்கு முதலாவது பதிவுத் தபாலை அனுப்பினேன். பிரிவு 12, பிரிவு 16, ஸ்கான் அறிக்கை, இரத்தப் பரிசோதனை இரண்டு, அடையாள அட்டைப் பிரதி. அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. "நீங்கள் நீக்கிய உறுப்பு இன்னும் என் வசமே உள்ளது என்பதை அறியத்தருகிறேன்" என்று ஒரு வரி அதில் இருந்தது.

பதில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நோயாளியின் தகவல் போகிற குழாயை அரசு கண்காணிக்கிற அளவுக்கு வேறெதையும் கண்காணிப்பதாகத் தெரியவில்லை. மருத்துவரின் மென்பொருளுக்கு அங்கீகாரம் வேண்டும். கோப்பை வைத்திருக்கும் கணினிக் கிடங்குக்குச் சான்றிதழ் வேண்டும். மருத்துவரும் தன் சொந்தக் காட்டைச் செருகினால்தான் திரை திறக்கும். யார், எந்த நிமிடம் பார்த்தார் என்பது பதிவாகும். செய்தி மறைகுறியாக்கப்பட்டுத்தான் பயணம் செய்யும். எல்லா மருத்துவமனைகளும் ஆளுக்கு ஒரே தேசிய எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு புறநகர் மருத்துவமனையின் நிலவறையில் சும்மா கிடந்த காகிதம் எழுந்து, வருடி எடுக்கப்பட்டு, என் மனைவியின் எண்ணைத் தேடிக்கொண்டு பாரிசுக்கு வந்தது. குழாயில் ஒரு கசிவு இல்லை. அதற்குள் போகிற தகவல் உண்மையா என்று பார்க்கிறவர்தான் இல்லை. பொய் அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது.

எழுதிய மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். எழுதிய மருத்துவமனை இன்னொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. இணைத்துக்கொண்ட மருத்துவமனை, தான் ஆவணத்தைப் பெற்றதே தவிர எழுதவில்லை என்றது. கோப்பை வைத்திருக்கும் அரச சேவை, தான் வைத்திருப்பதே தவிர உள்ளே இருப்பதற்குப் பொறுப்பல்ல என்றது. நவம்பரில் இரண்டாவது கடிதம், டிசெம்பரில் மூன்றாவது. ஜனவரியில் நானே இணைத்துக்கொண்ட மருத்துவமனைக்குப் போய் வரவேற்பு மேசையில் நின்றேன். எண் எடுத்து, இரண்டு மணித்தியாலம் காத்திருந்தபின் ஓர் இளைஞர் என் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மிக ஒழுங்காக இருக்கிறது, மிஸ்யூ," என்றார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு என் தபால்கள் பெரிய வேடிக்கை. மனைவியால் இறங்க முடியாததால் சாமான் வாங்க நான்தான் போவேன், கையில் எப்போதும் றெக்கமாந்தே, அதாவது பதிவுத் தபால், அனுப்ப ஒரு நீள உறையோடு.

"என்ன அண்ணை, இண்டைக்கும் றெக்கமாந்தேயோ? தபால்கந்தோரிலை பங்கு கிங்கு வாங்கி வைச்சிருக்கிறியளோ?"

"உம்மட முருங்கைக்காய் முத்தல். அதைப் பற்றிக் கதையும்."

"முத்தல் எண்டு அக்கா சொல்லட்டும், நான் காசு திருப்பித் தாறன். நீங்கள் சொல்லி நான் கேக்கேலாது. அக்கா எப்ப அண்ணை கீழை வாறா?"

உறையைக் கக்கத்தில் இடுக்கினேன். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

மனைவி யன்னலோரத்துக் கதிரையிலிருந்து தெருவைப் பார்ப்பாள். நகைக்கடைக்கு யார் போகிறார், புதிதாகத் திறந்த போன் கடையில் ஏன் கூட்டமில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். வலிக்கு மாத்திரை எடுத்தாள். என் கடிதங்களில் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். பத்து வரி வாசித்துக் காட்டினால், "ஓம், ஓம், நல்லாயிருக்கு," என்பாள். அவள் ஏன் கோபப்படவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் நான் இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை செய்துகொண்டிருந்ததால் தோன்றவில்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் மனைவியின் தங்கை வந்தாள். புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருக்கிறாள், பள்ளிச் சமையலறை ஒன்றில் வேலை. 2009இல் வந்தவள். அக்காவால் சமைக்க முடியவில்லை என்று இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் சோறும் கறியும் அடுக்குச்சட்டியில் கொண்டுவருவாள். அன்று சாப்பிட்டு முடிந்ததும், தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு நான் எழுதியிருந்த முறைப்பாட்டை இருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஆறு பக்கம். நாலாம் பக்கத்தில், அந்தப் பழைய மருத்துவமனை ஒரு பொய் நோயாளியை உருவாக்கி, நடக்காத சத்திரசிகிச்சைக்குக் கணக்கு எழுதியிருக்கிறது, அதில் கையெழுத்திட்ட வைத்தியரை விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

தங்கை தண்ணீர்க் குவளையை வைத்தாள்.

"அத்தான், அந்த டொக்டரிலை பிழையில்லை."

"உமக்கென்ன தெரியும்?"

"அந்தக் குடல்வால் என்ர."

மனைவி யன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் சொல்லாதை எண்டனான் எல்லே," என்றாள்.

விடயம் இது. 2009 இலையுதிர் காலத்தில் தங்கை வந்து ஏழு கிழமை. லெ பிளாங்-மெனிலில் தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் அறை. வயிற்றுவலி. மனைவி என்னைக் கேட்டது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பின்னேரம், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "தங்கச்சிக்கு வயித்துக்குத்து, ஆஸ்பத்திரிக்கு என்னெண்டு போறது?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். அரச மருத்துவ உதவிக்கு மூன்று மாத வதிவு வேண்டும். அது இல்லாதவர்களுக்கும் அவசர சிகிச்சை மறுக்க முடியாது, அதற்குத் தனி ஏற்பாடு உண்டு, மருத்துவமனையின் சமூக சேவகியைக் கேட்க வேண்டும், வந்த தேதிக்கு அத்தாட்சி, தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் கடிதம், இன்னும் இரண்டு காகிதம். எல்லாம் சரியானவை. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"நீங்கள் இருவது நிமிசம் கதைச்சனீங்கள்," என்றாள் மனைவி. "அங்கை அவள் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தவள்."

"போய்ச் சொன்னால் பாத்திருப்பினம். பாக்காமல் விடேலாது. அது சட்டம்."

"அத்தான்," என்றாள் தங்கை, "நான் வந்து ஏழு கிழமை. சண்டை முடிஞ்ச அந்த வருசம் எங்கட பக்கத்திலை இருந்து வந்தனான். வெள்ளைச் சட்டை போட்ட நேர்சைக் கண்டாலும் சீருடைக்காரர் எண்டு விலகிப் போவன். பேப்பர் எங்கை எண்டு கேட்டால் பொலிசுக்குப் போன் அடிப்பினம் எண்டுதான் நினைச்சனான்."

"அதாலை என்ர காட்டைக் குடுத்தனான்," என்றாள் மனைவி. "பழைய காட், படமில்லை. படம் இருந்தாலும் ஆர் பாக்கப் போயினம்? அக்கா காட் தங்கச்சிக்கு ஆகாதோ? சேலை குடுக்கேல்லையோ, சப்பாத்துக் குடுக்கேல்லையோ?"

இதில் வாதாட எனக்கு இடமிருந்தது. காட் சேலை அல்ல என்பதற்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவான வாசகம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

2009இல், அலுவலகத்தில், என் குடும்பப் பெயரோடு ஒரு சிவப்புக் கோடு என் திரையில் விழுந்தது. நாலு நாள் மருத்துவமனைத் தங்கல் என்று தலைப்பில் இருந்தது. சொந்தக் குடும்பத்தின் கோப்பை ஊழியர் திறக்கக் கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ள வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. அதே பெயரில் பாரிசில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் விதி விதிதான். திறக்காமல் தள்ளினேன். பக்கத்து மேசைக்காரர் ஏதோ ஓர் எண்ணைச் சரிசெய்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த அறிக்கையை மனைவி எனக்குக் காட்டாமல் எடுத்திருக்க வேண்டும். அன்று நான் ஒரு விதியை மீறியிருந்தால், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இத்தனை விதிகளை மேற்கோள் காட்ட வேண்டியிருந்திராது.

"பிறகேன் ஆறு மாசமாய் வாயைத் திறக்கேல்லை?" என்று கேட்டேன். "நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வேறை மாதிரி எழுதியிருப்பன்."

"இவள் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இன்னும் ஒண்டும் வரேல்லை. காட் களவாப் பாவிச்சவள் எண்டு எங்கையும் எழுதுப்பட்டால்? அது வரட்டும், அதுவரைக்கும் நான் யன்னலுக்காலை பாத்துக்கொண்டிருப்பம் எண்டு நினைச்சன்."

தங்கை அழத் தொடங்கினாள். மனைவி அவளை அதட்டினாள். "சும்மா இரு. கால் என்ர, வலி என்ர." நான் என் ஆறு பக்கங்களை அடுக்கினேன். அடுக்கிக்கொண்டே, இதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, தங்கையைக் குறிப்பிடாமலே பதினாறாம் பிரிவில் தொடர்ந்து நிற்கலாம், ஆணையம் எப்படியும் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"உங்கட பதினாறாம் பிரிவு," என்றாள் மனைவி, "ஆறு மாசத்திலை என்னை ஒரு படி இறக்கேல்லை. பேனையை எடுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. கூட்டிக் குறைக்க வேண்டாம்."

அவள் சொன்னது நாலு வரி. 2009இல் என் காட்டை விருப்பத்தோடு வேறொருவருக்குக் கொடுத்தேன். குடல்வாலும் ஒவ்வாமையும் அவருடையவை, அவர் இப்போது தன் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட்டார். என் இரத்தம் பி. எனக்கு நடக்க வேண்டும். கடைசி வரியை "சத்திரசிகிச்சையைத் துரிதப்படுத்துமாறு வேண்டுகிறேன்" என்று மாற்றலாமா என்று கேட்டேன். "எனக்கு நடக்க வேணும் எண்டு எழுதுங்கோ," என்றாள். எழுதினேன். ஒரு சட்டப் பிரிவும் இல்லாமல் நான் எழுதிய முதல் நிர்வாகக் கடிதம் அது.

அதைச் சத்திரசிகிச்சை நடக்கவேண்டிய மருத்துவமனையின் ஆளடையாளப் பிரிவுக்கு அனுப்பினோம். அப்படி ஒரு பிரிவு இருப்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் பிழையைத் திருத்தும் அதிகாரம் அதற்கு இல்லை என்பதால் எழுதியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு படிவம் வந்தது. காட்டைப் பயன்படுத்தியவரின் பெயர், பிறந்த தேதி, தெரிந்தால் நிரப்பவும். தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் தங்கை. அந்த இரண்டு கட்டங்களையும் மனைவி வெறுமையாக விடச் சொன்னாள். குறைபாடுள்ள படிவம் திருப்பி அனுப்பப்படும் என்று என் இருபத்தாறு ஆண்டு அனுபவத்தைச் சாட்சி வைத்துச் சொன்னேன். திருப்பி அனுப்பப்படவில்லை. ஒன்பதாம் நாள் அந்தப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"மதாம், அந்த ஆவணங்களை உங்கள் கோப்பிலிருந்து பிரித்துவிட்டேன். இப்படி நிறைய வருகிறது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எழுதக் காகிதம் வராததால், தேதியை நாட்காட்டியில் எழுதினேன்.

ஜூனில் மூட்டை மாற்றினார்கள். செப்டெம்பரில் ஒரு கையில் ஊன்றுகோலோடு மனைவி எழுபத்தெட்டுப் படிகளையும் இறங்கிப் பலசரக்குக் கடைக்குப் போய், முருங்கைக்காய் முத்தல் என்று சொன்னாள். கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்தார். தங்கையின் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அவள் கேட்டால் மட்டும் காத்திருக்கும் காலத்தைப் பற்றிய விதியைச் சொல்கிறேன், அதுவும் இரண்டு நிமிடத்துக்குள்.

நவம்பரில் ஒரு நாள் மனைவி கீழே போய் வரும்போது தபால் பெட்டியைத் திறந்து ஒரு நீள உறையை எடுத்து வந்தாள். மேலே வந்து மூச்சு வாங்கியபடி என் மேசையில் போட்டாள்.

"உங்கட சிநேகிதர் எழுதியிருக்கினம்."

2022 ஒக்டோபர் 3ஆம் தேதியிட்ட எங்கள் முதலாவது கடிதத்துக்கு, இணைத்துக்கொண்ட மருத்துவமனையின் பதில். கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிடப்பட்ட ஆவணங்கள் காட்டின் எண்ணோடு முழுமையாகப் பொருந்துகின்றன. ஆகவே அவற்றில் பிழை எதுவும் காணப்படவில்லை. இந்த முடிவோடு உடன்படாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். கையெழுத்து, முத்திரை, எல்லாம் மிக ஒழுங்காக இருந்தன.

வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்தேன். மனைவி அதை எடுத்து, மரக்கறிப் பையின் அடியில் விரித்தாள். எனக்கு மிஞ்சியது பென்சில். அதை எடுத்துக் கடிதத்தின் வலது மூலையில் எழுதினேன்: கிடைத்தது, 14 நவம்பர் 2023.